படகுப் பெயர் கூப்பிடுவதற்கு

மொரிஷியஸின் வடகரையில் கிராண்ட் கோப் என்று ஒரு மீன்பிடி ஊர். அங்கே ஒரு வாதாமரத்து நிழலில் மூன்று மாதமாக ஒரு பிரோக் பெயரில்லாமல் நின்றது. பிரோக் என்பது இந்தத் தீவின் மரப்படகு. பழைய பிரோக்குகளில் தக்கமாக்கா மரம் இருக்கும். நம் ஊர்ப் புன்னைக்கு உறவுக்கார மரம் அது. அழுகிய பலகைகளை மாற்றியாயிற்று, இடுக்குகளை அடைத்தாயிற்று, வெள்ளையும் நீலமும் இரண்டு கோட்டிங் அடித்தாயிற்று, பாய்மரமும் வந்து இறங்கிவிட்டது. பெயர் மட்டும் வரவில்லை. பின்புறப் பலகையில் பென்சிலால் எழுதி அழித்த தடங்கள் மூன்று வரிசைக்கு மேல் இருந்தன.

படகு என் அம்மாவின் தம்பியுடையது. இங்கே மாமா, சித்தப்பா எல்லாருமே எங்களுக்குத் தோந்தோன்தான். வீடு கட்டியபோதுகூடத் தோந்தோன் இவ்வளவு யோசித்ததில்லை. “வீட்டை யாரும் கத்திக் கூப்பிடப்போவதில்லை. இதைக் கூப்பிடுவார்கள்” என்றார். படகுக்குப் பெயர் வைப்பதில் பாதி விஷயம் அந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

புரிய வைத்தவர் என் நண்பர். கிராண்ட் பேயில் அவருக்கு ஒரு சின்னப் பாய்மரப் படகு உண்டு. மகள் பெயர் மகிழினி, அதனால் படகுக்கு ‘மகிழ்’ என்று வைத்தார். தமிழில் அதைவிட அழகான பெயர் கிடைக்குமா? ஆனால் பின்புறத்தில் அதை ரோமன் எழுத்தில் எம், ஏ, ஜி, ஐ, இசட், எச் என்று எழுதியிருந்தார். ஒரு நாள் குவான் த மீர் தீவுக்கு அப்பால் சுக்கான் உடைந்துவிட்டது. காற்று பலமாக இருந்தது. ரேடியோவில் உதவி கேட்டார். மறுமுனையில் இருந்தவர் காதில் விழுந்தது ‘மாகி’. திரும்பச் சொன்னார்; ‘மஜீஸ்’ ஆயிற்று. கடைசியில் மைக், ஆல்ஃபா, கால்ஃப், இந்தியா, ஜூலு, ஹோட்டல் என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள் படகு பவளப்பாறைப் பக்கம் ஒதுங்கத் தொடங்கியிருந்தது. நல்லவேளை, அருகிலிருந்த ஒரு மீனவர் கயிறு வீசி இழுத்துவந்தார். அடுத்த மாதம் எழுத்துக்களை மாற்றி பிரெஞ்சு முறையில் ‘மகில்’ என்று எழுதிக்கொண்டார். ழகரம் போய்விட்டதே என்று அவருக்கு இன்றைக்கும் மனக்குறை உண்டு. ஆனால் கூப்பிட்டால் கேட்கிறது.

இதில் அவர் தவறு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கடலில் ஆபத்து வந்தால் ரேடியோவின் 16-ஆம் சேனலில் ‘மேடே’ என்று மூன்று தடவை சொல்லவேண்டும், பிறகு படகின் பெயரை மூன்று தடவை சொல்லவேண்டும். இது உலகம் முழுவதற்கும் ஒரே முறை. அலை அடிக்கிறது, எஞ்சின் இரைகிறது, நம் நாக்கும் பயத்தில் குழறுகிறது. எதிர்முனையில் இருப்பவருக்கு நம் மொழியே தெரியாமலிருக்கலாம். அந்தக் கணத்திலும் பிசகாமல் போய்ச் சேருகிற பெயர்தான் நல்ல பெயர். அனுபவசாலிகள் இரண்டு மூன்று அசைக்குமேல் வேண்டாம் என்பது அதனால்தான். அமெரிக்காவில் அரசுப் பதிவு பெறும் படகின் பெயர் 33 எழுத்தைத் தாண்டக்கூடாது, ரோமன் எழுத்தில் இருக்கவேண்டும், ஆபத்து அழைப்புபோல ஒலிக்கவே கூடாது என்று விதியே இருக்கிறது. பின்புறத்தில் எழுதும் எழுத்து நான்கு அங்குல உயரத்துக்குக் குறையக்கூடாது என்றும் சொல்கிறார்கள். பெயரை முடிவு செய்யுமுன் காற்றடிக்கும் கரையில் நின்று மூன்று தடவை உரக்கச் சொல்லிப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

சரி, பெயர்கள் எங்கிருந்து வருகின்றன? மனைவி பெயர், பிள்ளைகள் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்துக் கட்டிய பெயர், நட்சத்திரம், பறவை, ஓய்வு பெற்ற தொழில் என்று உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே ஊற்றுகள்தான். அமெரிக்கப் படகுக்காரர் சங்கம் ஒன்று ஆண்டுதோறும் அதிகம் வழங்கும் பெயர்களைப் பட்டியல் போடுகிறது. ‘சீஸ் த டே’ அதில் அடிக்கடி தலைகாட்டும். கிடைத்த நாளை விடாதே என்னும் ஆங்கிலச் சொல்லுக்குள் கடலை நுழைத்த சிலேடை. கிராண்ட் பேயில் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் பெரிய கட்டுமரங்களின் பெயர்களும் இந்த ரகம்தான். கட்டுமரம் என்ற நம் சொல்லையே எல்லா மொழிக்காரர்களும் ‘கத்தமரான்’ என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஆனால் அந்தப் படகுகளுக்கு வாடிக்கையாளரைப் பார்த்து வைத்த பெயர்கள், அதிகம் பேச ஒன்றுமில்லை.

காற்றின் பெயர் வைப்பவர்கள் எனக்குப் பிடித்தமானவர்கள். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69-இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர். 312 நாள் கடலில் இருந்தார். அவருடைய படகு பம்பாயில் கட்டியது. பெயர் ‘சுஹைலி’. பாரசீக வளைகுடாவில் அடிக்கும் தென்கிழக்குக் காற்றை அரபு மாலுமிகள் அப்படிச் சொல்வார்கள். மூன்றே அசை, எந்த மொழிக்காரன் வாயிலும் உடையாத ஒலி.

தமிழில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் இருக்கிறது: தென்றல், வாடை, கொண்டல், கோடை. ஆனால் மொரிஷியஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் இங்கே எல்லாம் புரண்டு கிடக்கிறது. தெற்கிலிருந்து வருவது குளிர், வடக்கிலிருந்து வருவது வெக்கை. குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று நாள் கணக்கில் விடாமல் அடித்துப் பாயைப் பிய்க்கப் பார்க்கும். தமிழ்நாட்டில் தென்றல் என்றால் மேனியை வருடும் இளங்காற்று. இங்கே ஒரு படகுக்குத் ‘தென்றல்’ என்று பெயரிட்டால் அது படகையே தூக்கிக்கொண்டு ஓடுகிற காற்று. அதே சொல் கடல் கடந்து வந்து முறுக்கேறி நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசைதான்.

பெண் பெயருக்கு வருவோம். ஆங்கிலத்தில் கப்பலை ‘அவள்’ என்பது நெடுநாள் வழக்கம். லாய்ட்ஸ் லிஸ்ட் என்னும் கப்பல் செய்தித்தாள் 2002-இல் அதைக் கைவிட்டு ‘அது’ என்று எழுதத் தொடங்கியது. பிரெஞ்சில் படகைக் குறிக்கும் பத்தோ ஆண்பால், பிரோக் பெண்பால். தமிழில் படகு அஃறிணை. ஆனாலும் நாம் அம்மன் பெயரை வைக்கிறோம் என்றால் அதற்கு இலக்கணம் காரணமில்லை. கரையில் விட்டுப் போகிறவர்களை யார் காப்பது, கடலில் போகிறவனை யார் காப்பது என்ற கேள்விக்கு நம்மவர்கள் கண்ட பதில் அது. இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகும் இந்த வழியில் வந்ததுதான். ஒடிசாவில் கடலோடிகள் கும்பிடும் தாரா-தாரிணி கோயிலிலிருந்து எடுத்த பெயர். ஆறு பெண்கள் அதில் உலகைச் சுற்றி வந்தபோது, 2018 மே மாதம் சுக்கான் அமைப்பில் கோளாறாகி, எங்கள் தலைநகரான போர்ட் லூயியில் வந்து நின்றது. 2024-இல் கடற்படை அதிகாரிகளான தில்னாவும் ரூபா அழகிரிசாமியும் இரண்டே பேராக அதைக் கோவாவிலிருந்து மறுபடி இங்கே ஓட்டிவந்தார்கள். ரூபா புதுச்சேரிக்காரர். 18-ஆம் நூற்றாண்டில், லபூர்தொனே இந்தத் தீவின் ஆளுநராக இருந்த காலத்தில், போர்ட் லூயியைக் கட்டியெழுப்பப் புதுச்சேரியிலிருந்துதான் தமிழ்க் கைவினைஞர்கள் வந்தார்கள். அதே ஊர்ப் பெண் தானே பாய் பிடித்து இங்கே வந்து இறங்கியதில் எங்களுக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த கப்பல் பெயர்களில் பெரும்பாலானவை நாங்கள் வைத்தவை இல்லை. 1834 நவம்பர் 2-ஆம் தேதி ஒப்பந்தக் கூலிகளை இறக்கிய கப்பலின் பெயர் ‘அட்லஸ்’. அன்றிலிருந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இந்தத் துறையில் வந்து இறங்கினார்கள். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்துக்குப் போய்ப் பூட்டன் பெயரைத் தேடினால் ஓர் எண், ஓர் ஊர், ஒரு கப்பல் பெயர் கிடைக்கும். ஆள் பெயரையே காதில் விழுந்தபடி எழுதிவைத்த காலம் அது. முருகன் ‘முருகா’ ஆனார், சுப்ரமணியன் ‘சுப்ரமானியென்’ ஆனார். இன்றைக்கும் எங்கள் குடும்பப் பெயர்கள் அந்த எழுத்தில்தான் நிற்கின்றன. தமிழ்நாட்டிலும் இதுபோல ஒரு நிகழ்ச்சி உண்டு. வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனிக்கென்று பாடுபட்டு வாங்கிய இரண்டு நீராவிக் கப்பல்களுக்கும் ‘காலியா’, ‘லாவோ’ என்ற பெயர்கள்தான். கப்பல் நமதானது, பெயர் நமதாகவில்லை. தானே சம்பாதித்து, தானே பலகை மாற்றி, பின்புறத்தில் தன் சொல்லை எழுதுகிற ஒருவன் மூன்று மாதம் யோசித்தால் அது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எழுதிய பெயரை மாற்றலாமா? மாலுமிகள் உலகில் இதைவிடச் சூடான கேள்வி கிடையாது. கடல்தெய்வம் எல்லாப் படகின் பெயரையும் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது, சொல்லாமல் மாற்றினால் கோபிக்கும் என்பது பழைய நம்பிக்கை. பிரெஞ்சு மாலுமிகளிடம் இதற்கொரு பரிகாரம் இருக்கிறது. படகு ஓடும்போது பின்னால் வெள்ளையாக நீளுகிற தடத்தை அவர்கள் ‘மக்குயி’ என்னும் பாம்பாகப் பார்க்கிறார்கள். மாதா விண்ணேற்புத் திருநாளான ஆகஸ்ட் 15 அன்று படகை வளைத்து வளைத்து ஓட்டித் தன் தடத்தைத் தானே பலமுறை வெட்டவேண்டும். பழைய பெயரின் பாம்பு அறுபட்டுப் போகும், அதன்பிறகு புதுப்பெயர் எழுதலாம். எங்கள் பக்கத்துப் பரிகாரம் எளிது: தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம்.

பிரெஞ்சுக் கடலோடி எரிக் தபார்லியின் புகழ்பெற்ற ‘பென் துயிக்’ 1898-இல் ‘யம்’ என்ற பெயரில் கட்டிய படகு. பிரெத்தோன் மொழியில் கரிய தலையுள்ள ஒரு சிறு குருவிக்கு வழங்கும் பெயரைப் பிற்பாடு சூட்டினார்கள். இன்றைக்கு அந்தப் பழைய பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பெயர் மாற்றம் சில சமயம் இப்படிப் பொருந்திவிடுகிறது.

ஆனால் என்னை உறுத்துகிற பெயர் மாற்றம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-இல் வேப்பமரத்தால் கட்டிய பாய்க்கப்பல் ‘அன்னபூரணி அம்மாள்’. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி அதைக் கண்டு மயங்கி விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் சூயஸ் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் க்ளாஸ்டர் துறைமுகத்தில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எஞ்சின் ஏதும் நம்பாமல் பாயை நம்பியே கட்டிய தமிழ்க் கலம் அவ்வளவு தூரம் போனது. போகும்போது அதற்கு ராபின்சன் மனைவியின் பெயர், ‘ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன்’. மனைவிமீது அன்பு வைத்தவர் மனைவி பெயரை வைத்தார், அதில் பிழை சொல்ல முடியாது. இத்தனைக்கும் அவர் முன்பு உலகைச் சுற்றிய தன் சொந்தப் படகுக்குக் கனவு என்று பொருள்படும் ‘ஸ்வாப்’ என்ற சமஸ்கிருதச் சொல்லை வைத்தவர். ஆனாலும் சோறூட்டும் தாயின் பெயரைச் சொல்லிக் கடலில் இறக்கிய வல்வெட்டித்துறைக்காரர்கள், வழிநெடுக அந்தக் கப்பலை எந்தப் பெயரால் நினைத்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. இன்று அந்த ஊரில் கேட்டால் அன்னபூரணி என்றுதான் சொல்வார்கள்.

மரம் போனாலும் பெயர் நிற்கும் என்பதற்குச் சாட்சியாக இதே போர்ட் லூயியில் இரண்டு பேர் வந்து போயிருக்கிறார்கள். தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதரான ஜோஷுவா ஸ்லோக்கம் 1897-இல் ‘ஸ்ப்ரே’ படகில் இங்கே வந்தார். ஸ்ப்ரே என்றால் அலைத்துளி. ஒரு வயல்வெளியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த, சிப்பி எடுக்கும் பழைய படகு அது. பலகை பலகையாகக் கழற்றி, புதுமரம் வைத்துக் கட்டினார். கடைசியில் பழையது ஏதும் மிஞ்சவில்லை என்னும் அளவுக்கு ஆனபோதும் பெயரை மட்டும் விடவில்லை.

இன்னொருவர் பிரெஞ்சுக் கடலோடி பெர்னார் முவாத்தெசியே. இந்தோசீனாவிலிருந்து ‘மரி-தெரேஸ்’ என்ற பெண் பெயர் கொண்ட படகில் புறப்பட்டவர், 1952-இல் தியேகோ கார்சியா தீவின் பவளப்பாறையில் அதை இழந்தார். கையில் ஒன்றுமில்லாமல் மொரிஷியஸ் வந்தார். மூன்று ஆண்டுகள் இங்கே கிடைத்த வேலையெல்லாம் செய்து, தன் கையாலேயே இன்னொரு படகு கட்டினார். அதற்கு வைத்த பெயர் ‘மரி-தெரேஸ் இரண்டு’. அதுவும் கரீபியன் கடலில் பாறையில் மோதி நொறுங்கியது. மூன்றாவதாக இரும்பில் கட்டிய படகுக்குத்தான் பெயரை மாற்றினார்: ‘ஜோஷுவா’, ஸ்லோக்கத்தின் பெயர். இரண்டு முறை மூழ்கியபின் ஒரு பெண்ணின் பெயரை விட்டுவிட்டு, முன்னால் போன கடலோடியின் பெயரைப் பிடித்துக்கொண்டார்.

பெயர் கெட்டுப்போவதும் உண்டு. கிராண்ட் கோப்பிலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் எதிரே இல் தாம்ப்ர் தீவு. ‘சேன்-ஜெரான்’ என்னும் கப்பல் 1744 ஆகஸ்ட் 17-ஆம் தேதி அந்தப் பாறையில் உடைந்தது. 2020 ஜூலையில் எங்கள் தென்கிழக்குக் கரையில் ஏறி எண்ணெய் கொட்டிய ‘வாகாஷியோ’வின் பெயரை இந்தத் தீவில் இனி யாரும் எந்தப் படகுக்கும் வைக்கமாட்டார்கள். புயலின் பெயரும் அப்படித்தான்; 1960-இன் ‘கரோல்’ எங்கள் பாட்டி தலைமுறைக்கு ஒரு பெண்ணின் பெயராகவே ஒலிக்கவில்லை.

தோந்தோன் அழித்த பெயர்களைக் கேட்டேன். முதலில் ‘வேலாயுதம்’, நீளம். அப்புறம் ‘அலைமகள்’. பாட்டியின் பெயர் லட்சுமி, அதனால் அந்த நினைப்பு. அதை ஐந்து எழுத்தில் தமிழில் எழுதிவிடலாம், ரோமனில் ஒன்பது எழுத்து வருகிறது. தமிழில் எழுதினால் துறைமுகத்தில் படிக்க ஆளில்லை. இங்கே எழுத்து சாதாரண விஷயமுமில்லை. எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் உண்டு, 1998-இல் புது நோட்டில் இந்திக்குக் கீழே தமிழை இறக்கிப் போட்டதற்காகத் தீவே கொதித்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள்.

கடைசியில் அவர் பாதியை வெட்டினார். ‘அலை’. கடலின் அலையும் அதுதான், ‘போய்த் திரி’ என்று ஏவுவதும் அதுதான். ரோமனில் நாலே எழுத்து: ஏ, எல், ஏ, ஐ. பிரெஞ்சு படித்தவர்கள் அதை ‘அலெ’ என்று வாசிப்பார்கள். நம் வீட்டுப் பேச்சில் நாமும் அப்படித்தானே சொல்கிறோம்! இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் ‘அலே’ என்றால் போ, போகலாம். “அப்படியானால் ரேடியோவில் ‘அலே, அலே, அலே’ என்றால் போகச் சொல்வதாக நினைக்கமாட்டார்களா?” என்று நான் கேட்டேன். நியாயமான கேள்விதான் என்று கொஞ்ச நேரம் யோசித்தார். “முன்னால் ‘பிரோக்’ சேர்த்துச் சொல்வேன்” என்று முடித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை. அட்டையில் எழுத்தை வெட்டி வைத்து, சிவப்புப் பெயின்டை ஸ்பாஞ்சால் ஒற்றினார். பாய்மரத்தின் அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், தமிழில் ஒரு தடவை பிரஷால் எழுதினார். ஐகாரக் கொம்பு மட்டும் கொஞ்சம் வழிந்துவிட்டது, துடைக்கவில்லை. படகின் முன்முனையான அணியத்தில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினோம். பிறகு பக்கத்து வீட்டுக் கிரியோல் பையன்கள், மீனவர்கள், நாங்கள் எல்லாரும் இரண்டு பக்கமும் தோள் கொடுத்தோம். மணலில் முதல் அடி நகரவேயில்லை. யாரோ ஒருவர் தொடங்கினார், எல்லாரும் சேர்ந்துகொண்டோம்: “அலே! அலே! அலே!”